முதலில் பிளக்கைப் பாருங்கள். பிறகு ஜீப்பைப் பாருங்கள்!

பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். மலையும் ஏறும், வெள்ளத்திலும் போகும். இப்படி ஒரு வண்டியை வாங்கலாமா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா? இதோ, கணக்கு!

சென்னை வடபழனி முருகன் கோவில் வாசலுக்குப் புது வண்டி வராத நாள் இல்லை. ஸ்கூட்டர் வரும். ஆட்டோ வரும். கார் வரும். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, "முருகா, காப்பாற்று" என்று கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

சில ஆண்டுகளாக மக்களுக்கு உயரமான கார்கள் மீது மோகம் கூடிவிட்டது. ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் அஞ்சாமல் போக வேண்டும்.

இதற்கு வெறும் ஆடம்பரம் மட்டும் காரணம் அல்ல. 2015-ம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தைச் சென்னை மக்கள் மறக்கவில்லை. 2023-ம் ஆண்டு டிசம்பரில் வந்த 'மிச்சாங்' புயலையும் மறக்கவில்லை. தாழ்வான கார்கள் தண்ணீரில் மிதந்ததை ஊரே பார்த்தது. "இனி வாங்கினால் உயரமான வண்டிதான்" என்று அன்றே பலர் முடிவு கட்டினார்கள்.

இன்னொரு பக்கம், பெட்ரோல் விலை. ஜீப் போன்ற கனமான வண்டி பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும்.

இந்த இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பதுதான் 'பிளக்-இன் ஹைபிரிட்' ஜீப்!

அது என்ன வண்டி?

பெயர்தான் பெரிது. விஷயம் எளிது.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியில் இரண்டு மாடுகள். இந்த வண்டியிலும் அப்படித்தான். ஒரு மாடு, பெட்ரோல் என்ஜின். இன்னொரு மாடு, மின்சார மோட்டார். தட்டையான சாலையில் மின்சார மாடு மட்டும் இழுக்கும். பெரிய மேடு வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

என்ஜினுக்குத் தீனி பெட்ரோல். அதைப் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம். மோட்டாருக்குத் தீனி மின்சாரம். அதை வீட்டில் போட வேண்டும். செல்போனுக்கு இரவில் சார்ஜ் போடுகிறோம் அல்லவா? அதேபோல வண்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சுவரில் உள்ள பிளக்கில் செருக வேண்டும். அதனால்தான் 'பிளக்-இன்' என்ற பெயர்.

சாதாரண ஹைபிரிட் கார் வேறு. அதற்கு பிளக் கிடையாது. ஓடும்போதும் பிரேக் போடும்போதும் அதுவே கொஞ்சம் மின்சாரம் சேர்த்துக்கொள்ளும். முழு மின்சார கார் வேறு. அதற்குப் பெட்ரோல் டாங்கியே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பிளக்-இன் ஹைபிரிட்.

பழைய யோசனை, புதிய வண்டி

இந்த யோசனை நேற்று பிறந்தது அல்ல. பெட்ரோல் என்ஜினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டி, பெர்டினான்ட் போர்ஷே என்ற என்ஜினீயர் 1900-ம் ஆண்டிலேயே ஓட்டிக் காட்டினார். ஆனால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்ததால் உலகம் அதை மறந்துவிட்டது.

1997-ம் ஆண்டு ஜப்பானின் டொயோட்டா கம்பெனி 'பிரியஸ்' என்ற ஹைபிரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008-ம் ஆண்டு சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி, பிளக் செருகும் ஹைபிரிட் காரை விற்கத் தொடங்கியது. 2013-ம் ஆண்டு ஜப்பானின் மிட்சுபிஷி, உயரமான 'அவுட்லேண்டர்' காரில் இதைப் பொருத்தியது.

ஜீப்பின் கதையும் பழையது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1941-ம் ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வண்டி அது. 1947-ம் ஆண்டு முதல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்றது. காடு, மலை, தேயிலைத் தோட்டம், போலீஸ் நிலையம் என்று எங்கும் ஜீப் போயிற்று.

இந்த இரண்டு கதையும் சேர்ந்தது அண்மையில்தான். 'டிபெண்டர்' என்ற புகழ்பெற்ற காட்டு வண்டிக்கு 2020-ம் ஆண்டு பிளக் வந்தது. இதைச் செய்யும் ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியை 2008-ம் ஆண்டே நம் நாட்டு டாட்டா வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் கார்களையும் செய்வதற்கென்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024-ம் ஆண்டு செப்டம்பரில் டாட்டா தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அமெரிக்காவின் 'ஜீப் ராங்க்லர்' வண்டிக்கும் பிளக் வந்தது. 2022, 2023-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற பிளக்-இன் ஹைபிரிட் அதுதான். 2023-ம் ஆண்டு சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனியும் இப்படி ஒரு காட்டு வண்டியை இறக்கியது.

"டிபெண்டர் என்றால் கோடி ரூபாய் சமாசாரம் ஆயிற்றே! நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் செல்போனும் ஒரு காலத்தில் பணக்காரர் கையில்தான் இருந்தது. பெரிய கார்களில் வந்த வசதி, பிறகு சிறிய கார்களுக்கும் வருவது வழக்கம். அன்றைக்கு ஏமாறாமல் இருக்க, இன்றைக்கே கணக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பிளஸ் என்ன?

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும்.

மின்சார மோட்டாருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். என்ஜினைப் போல உறுமி, வேகம் பிடித்து, பிறகு இழுப்பது அல்ல. பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறும்போது இந்தக் குணம் பெரிய உதவி.

நகரத்துக்குள்ளும் லாபம் உண்டு. ஆற்காடு சாலையில் மாலை நேரம் கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. பத்து அடி போகும், நிற்கும். மறுபடி பத்து அடி. பெட்ரோல் வண்டி இந்த நேரம் எல்லாம் வீணாக எரியும். மின்சாரத்தில் போகும் வண்டி நின்றால் மோட்டாரும் நிற்கும். பிரேக் போட்டால் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிவிடும். சத்தம் இல்லை. புகை இல்லை.

நெடுந்தூரம் போகும்போது பயமும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் இருக்கிறது. ஏற்காட்டுக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கோ போனால், "அங்கே சார்ஜ் போட இடம் இருக்குமா?" என்று கவலைப்பட வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டர்?

இனி நிஜத்துக்கு வருவோம்.

2020-ம் ஆண்டு வந்த டிபெண்டரில் இருந்த பேட்டரியின் கொள்ளளவு 19.2 யூனிட். வீட்டு மின்சார மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். இதைக் கொண்டு மின்சாரத்தில் மட்டும் 43 கிலோமீட்டர் போகலாம் என்று கம்பெனி சொன்னது. அது சோதனைக் கூடத்துக் கணக்கு. வெயில், ஏ.சி., நெரிசல் எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும்.

அமெரிக்க ராங்க்லரில் 17.3 யூனிட் பேட்டரி. அந்த நாட்டு அரசின் கணக்குப்படி மின்சாரத்தில் சுமார் 35 கிலோமீட்டர் போகும். பேட்டரி தீர்ந்த பிறகு? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எட்டரை கிலோமீட்டர்தான்!

ஏன் இவ்வளவு குறைவு? கனம்தான் காரணம். இரண்டு டன்னுக்கு மேல் எடை. அதில் பேட்டரியும் மோட்டாரும் சேர்த்தி. மின்சார மாடு களைத்துவிட்டால், அது இறங்கி நடந்து வராது. அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் மாடுதான் இழுக்க வேண்டும்!

ஒரு குடும்பத்தின் கணக்கு

வடபழனியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடி. சினிமா படப்பிடிப்புக்கு விளக்கு வாடகைக்கு விடும் தொழில். மகள் கல்லூரியில் சேர இன்னும் இரண்டு ஆண்டு. மகன் பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் பாட்டியும் உண்டு. கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

"பிளக் வைத்த ஜீப் வாங்கலாம் என்று பார்க்கிறேன். பெட்ரோல் செலவு மிச்சம்" என்கிறார் கணவர்.

"ஏங்க, மிச்சம் என்றால் எவ்வளவு? காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்" என்கிறாள் மனைவி.

மகன் பென்சிலை எடுக்கிறான்.

தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டம். ஆண்டுக்கு 300 நாள். ஆகவே 9,000 கிலோமீட்டர். வெளியூர்ப் பயணம் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். மொத்தம் 15,000.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறான். மின்சாரம் யூனிட் 10 ரூபாய். வண்டி, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் போகும். மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 கிலோமீட்டர்.

பெட்ரோல் ஜீப் என்றால், 15,000 கிலோமீட்டருக்கு 1,875 லிட்டர். செலவு ரூ.1,87,500.

பிளக்-இன் ஜீப், தினமும் தவறாமல் சார்ஜ் போட்டால்? ஊருக்குள் ஓடும் 9,000 கிலோமீட்டருக்கு 4,500 யூனிட். ரூ.45,000. வெளியூர் 6,000 கிலோமீட்டருக்கு 750 லிட்டர் பெட்ரோல். ரூ.75,000. மொத்தம் ரூ.1,20,000.

"பார்த்தாயா! ஆண்டுக்கு 67,500 ரூபாய் மிச்சம்!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இருங்க. சாதாரண ஜீப்பைவிட இதற்கு எவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டும்?"

பத்து லட்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும். சொந்தக் காருக்கு முதலில் கிடைக்கும் பதிவுக் காலமே 15 ஆண்டுதான்! ஐந்து லட்சம் அதிகம் என்றாலும் ஏழரை ஆண்டு. கடன் வாங்கி வாங்கினால் வட்டி தனி. அந்தப் பத்து லட்சம் மகள் படிப்புக்கு ஆகும் என்ற எண்ணம் தாய்க்கு வராமல் இருக்குமா?

அதுவரை பேசாமல் இருந்த பாட்டி அப்போது கேட்கிறாள்:

"அது இருக்கட்டும்டா. நம் வீடு மூன்றாவது மாடி. வண்டி நிற்பது கீழே. சார்ஜ் எங்கே போடுவாய்?"

யாரும் பதில் பேசவில்லை. ஏனென்றால், கேள்வி அதுதான்!

பாட்டியின் கேள்வி

சார்ஜ் போடாவிட்டால் என்ன ஆகும்? மேலே போட்ட கணக்கு முழுதும் கவிழ்ந்துவிடும். 15,000 கிலோமீட்டரும் பெட்ரோலில் ஓடும். ரூ.1,87,500 செலவாகும். ஒரு பைசா மிச்சம் இல்லை. அதிகம் கொடுத்த பணம் அதிகம் கொடுத்ததுதான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஐரோப்பாவில் நடந்தே இருக்கிறது.

அங்கே லட்சக்கணக்கான பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ஓடுகின்றன. 2022-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை ஆராய்ந்தது. சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் மொத்த ஓட்டத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே மின்சாரத்தில் ஓட்டினார்கள். கம்பெனி கார் வைத்திருந்தவர்களோ நூற்றுக்கு 11 முதல் 15 கிலோமீட்டர்தான் மின்சாரத்தில் ஓட்டினார்கள். மீதி எல்லாம் எண்ணெய்தான்! பெட்ரோல் செலவைக் கம்பெனி கொடுக்கும்போது, வீட்டு மின்சாரத்தை யார் செலவழிப்பார்கள்?

ஐரோப்பிய கமிஷனும் 2024-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனைக் கூடத்தில் சொன்னதைவிட, சாலையில் இந்த வண்டிகள் சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயு கக்குகின்றன என்று அது சொன்னது. அந்த அறிக்கையும் சொன்ன முக்கியக் காரணம், ஜனங்கள் போதிய அளவு சார்ஜ் போடவில்லை என்பதுதான்.

பிளக் வசதி நன்றாக உள்ள நாடுகளிலேயே இந்தக் கதி. வடபழனியில் என்ன ஆகும்?

பிளக் எங்கே?

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் தனி வீடுகள் குறைந்துவிட்டன. எங்கும் அடுக்குமாடி. தரைத் தளத்தில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம். ஒருவர் இடத்துக்கு எதிரே மின்சார மீட்டர் பெட்டி இருக்கும். இன்னொருவர் இடம் கோடி மூலையில் இருக்கும்.

மூன்றாவது மாடியிலிருந்து நீட்டு ஒயர் தொங்கவிட்டுச் சார்ஜ் போட முடியாது. போடவும் கூடாது. இரவு முழுதும், ஏழெட்டு மணி நேரம் விடாமல் பெரிய அளவு மின்சாரம் ஓடும். மெல்லிய ஒயர் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் போர்டும் ஆகாது. நல்ல கனமான தனி ஒயர் வேண்டும். சரியான எர்த் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாக நிறுத்தும் கருவி வேண்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

சட்டம் தடையாக இல்லை. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் 2022-ம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. புதுக் கட்டிடங்களில், வண்டி நிறுத்தும் இடத்தில் நூற்றுக்கு 20 பங்குக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-ம் ஆண்டில் மத்திய அரசின் மாதிரி விதியும் வந்தது. ஆனால் வடபழனியில் பாதிக் கட்டிடங்கள் அதற்கு முன்பே எழுந்தவையாக இருக்கும். அங்கே குடியிருப்போர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களோடு சுமுகமாகப் பேச வேண்டும். ஒயர் யார் சுவர் வழியாகப் போகும், எந்த மீட்டரில் ஓடும் என்பதை எல்லாம் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரப் பில்லையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 4,500 யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும் என்பது எல்லாக் குடும்பத்தலைவிக்கும் தெரியும்.

"பங்க் போல வெளியே சார்ஜ் போடும் இடங்கள் இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் வீட்டைவிட அங்கே விலை அதிகம். முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்காகத் தினமும் அங்கே போய்க் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு வாரம் போவார். மறு வாரம் விட்டுவிடுவார்.

வெள்ளத்தில் போகுமா?

இனி வெள்ளம்.

டிபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது. ஏறக்குறைய மூன்று அடி. 2020-ம் ஆண்டு வந்த மகிந்திரா 'தார்' ஜீப்புக்கு 650 மில்லிமீட்டர். இரண்டு அடிக்குச் சற்று மேல். தார், பிளக் இல்லாத சாதாரண ஜீப்! வெள்ளத்துக்குப் பயந்து உயர்ந்த வண்டி வேண்டும் என்றால், அதற்குப் பிளக் தேவையே இல்லை.

மேலும், கம்பெனி சொல்லும் ஆழம் சமமான தரைக்குத்தான். சென்னை மழைத் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கும். மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கும். எதிரே பஸ் வந்தால் அலை அடிக்கும். எந்த வண்டியானாலும் ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கக் கூடாது.

வண்டி பெரும்பாலும் தண்ணீரில் மூழ்குவது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. இரவில் தரைத் தளத்தில் தண்ணீர் புகுந்தால், டிபெண்டரும் ஒன்றுதான், பழைய அம்பாசிடரும் ஒன்றுதான். 2024-ம் ஆண்டு அக்டோபரில் மழை வரும் என்று கேட்டதும், வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். புத்திசாலித்தனம்! அதற்குக் கோடி ரூபாய் செலவு இல்லை.

தண்ணீரில் நனைந்த பிளக்-இன் வண்டியை மெக்கானிக் பார்க்கும் முன் சார்ஜில் போடவே கூடாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வெள்ளத்தில் என்ஜினும் பேட்டரியும் மோட்டாரும் கெட்டால் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். என்ஜின் பாதுகாப்புக்குத் தனிப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்கா சொன்ன பாடம்

அமெரிக்காவில் ராங்க்லர் பிளக்-இன் வண்டி சக்கைப்போடு போட்டது என்று பார்த்தோம். பிறகு நடந்தது என்ன?

பேட்டரியில் குறை இருந்து தீப்பிடிக்கலாம் என்று 2024-ம் ஆண்டு அங்கே சுமார் 1,54,000 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. ராங்க்லரும், அதே கம்பெனியின் கிராண்ட் செரோக்கியும் அதில் அடக்கம். 2025-ம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் அழைப்பு. இந்தத் தடவை 3,20,000 வண்டிகள்! பழுது பார்க்கும் வரை சார்ஜ் போட வேண்டாம் என்றும், கட்டிடங்களை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள் என்றும் சொன்னார்கள்.

2026-ம் ஆண்டு தொடக்கத்தில், வட அமெரிக்காவில் பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகளையே நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது.

எல்லா பிளக்-இன் வண்டியும் தீப்பிடிக்கும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பெட்ரோல் காரும் தீப்பிடிப்பது உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் வாசலில் விசாலமான இடம் உண்டு, தள்ளி நிறுத்தலாம். வடபழனியில் வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே யாரோ ஒருவர் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறார். எங்கே தள்ளி நிறுத்துவது?

வரி என்ன சொல்கிறது?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது. முழு மின்சார காருக்கு 5 சதவீதம். பெரிய ஹைபிரிட் ஜீப்புக்கு 40 சதவீதம். பிளக் இருந்தாலும் 40 சதவீதம்தான். வெளிநாட்டிலிருந்து அப்படியே இறங்கும் வண்டி என்றால் இறக்குமதி வரி தனி.

தமிழ்நாட்டில் சாலை வரியும் உண்டு. 2023-ம் ஆண்டு நவம்பரில் உயர்த்தப்பட்டபோது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் என்று வைத்தார்கள். முழு மின்சார வண்டிகளுக்கு அரசு தந்த சாலை வரிச் சலுகை, பெட்ரோல் டாங்கி உள்ள வண்டிக்குக் கிடையாது. பச்சை நம்பர் பலகையும் கிடையாது.

அதாவது, பாதி மின்சாரம் என்று கம்பெனி சொல்கிறது. முழு பெட்ரோல் என்று வரி சொல்கிறது!

வேறு வழி உண்டா?

உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை மலைக்குப் போகிறவருக்குச் சாதாரண நான்கு சக்கர இழுவை ஜீப் போதும். விலை குறைவு. தெருக்கோடி மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரியும்.

வீட்டில் பிளக் உண்டு, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான் என்பவருக்கு முழு மின்சார வண்டியே வந்துவிட்டது. 2025-ம் ஆண்டு ஜூனில் டாட்டா 'ஹாரியர்' மின்சார வண்டி வந்தது. அதில் ஒரு ரகத்துக்கு நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. அது 30 லட்சத்துக்கும் குறைவான விலையில் இறங்கியது. டிபெண்டரோ ஏறக்குறைய ஒரு கோடியில் தொடங்கும் வண்டி. தூரத்தை மட்டும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் காட்டுப் பாதை என்றால், அந்த ஒரு தடவைக்கு ஜீப்பை வாடகைக்கு எடுத்தால் போயிற்று. காட்டு வண்டி வாங்கிவிட்டதால் காட்டுக்குள் எங்கும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டினால் வழக்கு வரும்.

யாருக்கு ஏற்றது?

பிளக்-இன் ஜீப் யாருக்குமே உதவாது என்று சொல்லிவிட முடியாது. நகரத்தில் தனி வீடு, வாசலிலேயே பிளக். தினமும் 30, 40 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் ஒருமுறை ஏற்காட்டிலோ, கொடைக்கானலிலோ உள்ள தோட்டத்துக்குக் கரடுமுரடான பாதையில் போக வேண்டும். கையில் கடன் இல்லாத பணம். இப்படிப்பட்டவருக்கு அது நல்ல வண்டி. வாரம் முழுதும் மின்சாரத்தில் ஓடும். மலைக்குப் போகும்போது பெட்ரோல் கை கொடுக்கும்.

மற்றவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இந்த ஏழு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. வண்டி நிற்கும் இடத்தில் எனக்கென்று பிளக் உண்டா? இல்லையென்றால் சங்கம் எழுத்தில் சம்மதம் தருமா?

2. என் தினசரி ஓட்டம் எத்தனை கிலோமீட்டர்? ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தேனா?

3. பேட்டரி தீர்ந்த பிறகு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்? காலி பேட்டரியோடு ஓட்டிப் பார்த்தேனா?

4. சாதாரண ஜீப்பைவிட எவ்வளவு அதிகம்? அந்தப் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

5. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அது முடிந்த பிறகு புது பேட்டரி என்ன விலை?

6. பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் இருக்கையோ, சாமான் வைக்கும் இடமோ, உபரிச் சக்கரமோ குறைந்திருக்கிறதா?

7. சென்னையில் இந்த வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், மற்ற ஆறு கேள்விகளுக்கு வேலையே இல்லை. பிளக் இல்லாத வீட்டுக்கு பிளக்-இன் வண்டி, கிணறு இல்லாத தோட்டத்துக்கு வாங்கிய பம்பு செட்டு மாதிரி. பளபளவென்று இருக்கும், தண்ணீர் வராது.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன், ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போங்கள். சுவரைப் பாருங்கள். அங்கே பிளக் இருந்தால் பிறகு பேசலாம். இல்லாவிட்டால் முதல் செலவு ஜீப்புக்கு அல்ல, எலெக்ட்ரீஷியனுக்கு!